கோமுவுக்கு: அல்வா அப்புறம், அண்ணன் மருந்து முதலில்

டாம்பா
2025 ஜூன் 8

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி, பையனுக்கு வேலை மாற்றம், எனக்கு வழக்கம்போல வாய் ஓயவில்லை. மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை முதல் வாரம் நீயும் அண்ணனும் ஃபோர்ட் மயர்ஸ் வருகிறீர்கள், பாப்பாவுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டு டிசம்பர் கடைசியில் திரும்புகிறீர்கள் என்று படித்ததும் கத்திவிட்டேன். இவர் அடுக்களையில் ஏதோ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தார். நாற்பது வருட சிநேகிதி பக்கத்து ஊருக்கு வருகிறாள். இரண்டரை மணி நேரக் கார் பயணம்தான் என்றேன். "அப்போ இனி நான் பேசவே முடியாதா?" என்றார். அவரை விடு.

பெட்டியில் வைக்கிறதற்கு நீ போட்ட பட்டியலைப் பார்த்தேன். பிரசவ லேகியம், சுக்கு, வசம்பு, கருப்பட்டி, நாட்டுப் பூண்டு, அப்பளம், குழந்தைக்குத் துணித் தொட்டில், எனக்கு நாகூர் அல்வா. ஒரு முழுப் பக்கம். எல்லாம் முடிந்து கடைசி வரியில், "அவர் மாத்திரை, ஊசி" என்று மூன்று சொல். அடியே, அந்தக் கடைசி வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். போன வருடம் அம்மா இங்கே இருந்தபோது நாங்கள் பட்ட பாட்டை உனக்குப் போனில் சொன்னேன். நீ புயலைப் பற்றித்தான் கேட்டாய். புயல் ஒரு ராத்திரி. அதற்கு முன்னும் பின்னும் மருந்துதான் எங்களை ஆட்டிவைத்தது.

அம்மாவும் ஜூலையில்தான் வந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக 90 நாளுக்கான மருந்துக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்பது இங்கே மருந்துத் துறை சொல்கிற கணக்கு. சரி என்று தம்பி மூன்று மாதத்துக்கு வாங்கிக் கட்டிக் கொடுத்தான். மீதியைப் பிறகு டாக்டர் கடிதத்தோடு அனுப்பிக்கொள்ளலாம் என்று திட்டம். நீயே கணக்குப் போட்டுப் பார். ஜூலையில் தொடங்கினால் 90 நாள் எங்கே முடியும்? அக்டோபரில். இங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதில் உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன் வடக்கே கரையேறியது, அக்டோபர் 9 ராத்திரி மில்டன் எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. அம்மாவின் மருந்து டப்பா அடியைத் தொடுகிற நேரம் பார்த்து இரண்டும் வந்தன. தம்பி பார்சல் அனுப்புகிறேன் என்றான். டாம்பா விமான நிலையத்தையே அக்டோபர் 8 காலையில் மூடிவிட்டார்கள், பார்சல் எங்கே வரும்?

எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, கேட்டுக்கொள். தைராய்டு மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இன்னும் பதினைந்து நாளைக்கு இருந்தன. ஞாயிற்றுக்கிழமையே மருந்துக்கடைக்குப் போய் முன்கூட்டியே கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரம் இன்ஷூரன்ஸ் விடாது" என்றான். எனக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும். நான் நகரவில்லை. ஃபுளோரிடாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது கோமு. கவர்னர் அவசர நிலை அறிவித்தாலோ, உன் கவுன்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, புயல் எச்சரிக்கை வந்தாலோ, போன வாரம்தான் வாங்கினாய் என்றெல்லாம் பார்க்காமல் 30 நாள் மருந்தை மறுபடி கொடுக்க இன்ஷூரன்ஸ்காரர்கள் வழிவிட வேண்டும். அவசர நிலை சனிக்கிழமையே அறிவித்தாகிவிட்டது. மருந்தாளுநர் அம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து ஏதோ ஒரு எண்ணைத் தட்டினாள், கணினி வாயை மூடிக்கொண்டது. நம் கணக்கு டீச்சர் இருந்திருந்தால் எனக்குக் கை தட்டியிருப்பார்.

ஆனால் அந்தச் சட்டம் அம்மாவுக்கு எதுவும் செய்யாது. அவளுக்கு இங்கே இன்ஷூரன்ஸ் கிடையாது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று எடுத்தோமே, அதில் பழைய நோய்களுக்குக் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஊர் டாக்டர் எழுதின சீட்டைக் காட்டினேன், கவுன்டரில் ஏற்கவில்லை. கஜா புயலின்போது நீ எழுதினது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், ஆனாலும் கடைத்தெரு மெடிக்கல்காரர் டார்ச் வைத்துக்கொண்டு, காலி அட்டையைக் காட்டினவர்களுக்கெல்லாம் பத்துப் பத்தாக வெட்டிக் கொடுத்தார், காசு அப்புறம் கொடுங்கள் என்றார் என்று. அவருக்கு உன் மாமியார் என்ன மாத்திரை போடுகிறார் என்பது சீட்டு இல்லாமலே தெரியும். இங்கே அந்த ஆள் கிடையாது. அவர் செய்ததைச் செய்ய ஒரு சட்டம், ஒரு கவர்னர், ஒரு கணினி எண் வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் சீட்டில்லாமல் எதையும் கொடுத்துவிடுவார் என்பதும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

வீடியோவில் ஒரு டாக்டரைப் பிடித்தோம். பொறுமையானவர். அட்டையைக் கேமராவில் காட்டச் சொன்னார். அம்மாவின் மாத்திரை ஒன்றுக்குள்ளே மூன்று மருந்து: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ். முதல் இரண்டும் இங்கே தனித்தனி மாத்திரையாகக் கிடைக்கும், விலையும் குறைவு. மூன்றாவது இந்த நாட்டில் விற்பனைக்கே அனுமதிக்கப்படாத மருந்து. வில்டாகிளிப்டினும் அப்படித்தான். நம் ஊரில் சர்க்கரைக்காரர் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறதை இங்கே எந்தக் கடையிலும் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அண்ணனுடைய அட்டையில் எழுதியிருப்பது பிராண்டுப் பெயர். உள்ளே என்னென்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் தனியாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வா. அந்தத் தாள்தான் இங்கே உனக்குப் பாஸ்போர்ட்.

இனி சொல்லப்போவது ஊசி விஷயம். இதை அண்ணனையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டு. அவர் "எனக்குத் தெரியாதா" என்பார், விடாதே.

அவர் போடுகிறது மிக்ஸ்டார்ட் இன்சுலின் குப்பிதானே? அந்தக் குப்பியைத் திருப்பிப் பார், மில்லிக்கு 40 யூனிட் என்று இருக்கும். சிவப்பு மூடி போட்ட ஊசி அதற்கானது. அமெரிக்காவில் மனிதருக்கு விற்கிற குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. மருந்து தீர்ந்துபோனால் அதே 30/70 கலவை இங்கே நோவோலின் என்ற பெயரில் வால்மார்ட்டில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், சுமார் 25 டாலர். கேட்பதற்கு நல்ல சேதி. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. இங்கத்திய குப்பியிலிருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. கரண்ட் இல்லாத வீட்டில், டார்ச் வெளிச்சத்தில், ஆம்புலன்ஸ் வெளியே வராத ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்கினால் என்ன செய்வாய்? அம்மாவுக்குப் புதுக் குப்பி வாங்கின அன்றைக்கே பழைய ஊசி எல்லாவற்றையும் இவர் எடுத்துத் தனி டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார். யூனிட் கணக்கு மாறாது, 20 என்றால் 20தான். குப்பிக்கு ஏற்ற ஊசியாக இருக்க வேண்டும், அவ்வளவே. அதையும் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டுதான் போட்டோம். மாற்றிப் பார்த்தால் ஊர்க் குப்பி மிச்சமிருந்து ஊசி தீர்ந்தால்? சிவப்பு மூடி ஊசி இங்கே நாய்க்கும் பூனைக்கும்தான் விற்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், "நான் அந்த வரிசையில் நிற்க மாட்டேன்" என்றாள். அதனால் ஊசி நிறையக் கொண்டுவா. இல்லை, இன்னும் நல்லது, டாக்டர் சம்மதித்தால் கிளம்புவதற்கு முன்பே அண்ணனை இன்சுலின் பேனாவுக்கு மாற்றிவிடு. பேனா மருந்து அங்கேயும் 100 யூனிட்தான், குழப்பமே இல்லை.

மில்டன் வந்த ராத்திரி பற்றி உனக்குத் தெரியும். மாநிலம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது, எங்கள் தெருவும் அதில் ஒன்று. அம்மா புயலுக்குப் பயப்படவே இல்லை. "இதென்ன, மரம் வேரோடு வரவில்லையே" என்று கஜாவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில்தான் இன்சுலினை நினைத்துக் கலங்கினாள். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதற்கு மேல் இல்லை. "மண்பானை எங்கே?" என்றாள். ஈர மணலில் பானையைப் புதைத்து, உள்ளே குப்பி வைக்கிற நம் ஊர் வழி. இவர் தோட்டத்துப் பூந்தொட்டி இரண்டைக் கழுவிக்கொண்டு வந்து ஒன்றுக்குள் ஒன்று வைத்து மணலை நிரப்பி நனைத்தார். பெருமையைப் பார்க்க வேண்டுமே! காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது தண்ணீர் ஆவியாவது எங்கே, குளிர்வது எங்கே? தெர்மாமீட்டர் பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் அம்மா சமாதானமானாள், அதுவும் ஒரு மருந்துதான். உண்மையில் அவ்வளவு பதற வேண்டியதில்லை. இன்சுலின் 15 முதல் 30 டிகிரி வரை 28 நாள் வெளியே தாங்கும் என்று இங்கே மருந்துத் துறையே சொல்கிறது. காரிலோ ஜன்னலோரமோ வைக்கக் கூடாது. ஐஸ்மேல் நேராகவும் வைக்கக் கூடாது. உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். துண்டில் சுற்றி, ஐஸ் தொடாமல் வை. வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரையையும் காயவைத்துப் போடுகிற வேலை வேண்டாம், அண்ணன் செய்யக்கூடியவர்.

இன்னொன்று, எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஹெலீன் எங்கோ வட கரோலினா மலையில் வெள்ளமாகப் புகுந்து, நார்த் கோவ் என்ற ஊரில் பேக்ஸ்டர் நிறுவனத்தின் தொழிற்சாலையை மூழ்கடித்தது. நாட்டுக்கு வேண்டிய சலைன், குளுக்கோஸ் பாட்டில் வகையறாவில் சுமார் 60 சதவீதம் அந்த ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்ததாம். புயலே பார்க்காத ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சலைனை எண்ணி எண்ணிக் கொடுத்தார்கள், அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். எதிர்வீட்டுத் தாத்தா வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அந்தத் திரவமும் அதே தொழிற்சாலையில்தான். அவர் பெண் தினமும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிகோவை அடித்தபோதும் இதே மாதிரிச் சலைன் தட்டுப்பாடு வந்தது. அங்கே காற்றில் செத்தவர்களைவிட, பிறகு மருந்தும் கரண்டும் மருத்துவரும் கிடைக்காமல் செத்தவர்கள்தான் மிக அதிகம். 64 பேர் என்று முதலில் சொன்னார்கள். கடைசியில் அரசே ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. அதைப் படித்துவிட்டு நான் ராத்திரி எழுந்து அம்மாவின் டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

பாப்பா "நாங்க பார்த்துக்குவோம் ஆன்ட்டி" என்கிறாள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அவள் ஊர்க் கடற்கரையை என்ன செய்தது என்று அவள் நேரில் பார்க்கவில்லை, அப்போது அவள் சிகாகோவில் இருந்தாள். அவள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று கேட்டு எனக்கு எழுது. முதலில் காலி செய்யச் சொல்கிற ஏ அல்லது பி என்றால் பேச்சே இல்லை, முதல் அறிவிப்பு வந்ததும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் இங்கே வந்துவிட வேண்டும். இங்கேயும் வருகிறது என்றால் எல்லாரும் சேர்ந்து அட்லாண்டா. மருந்துப் பையைக் காரில் முதலில் வைக்கிற பொறுப்பு உன்னுடையது, அண்ணனுடையது இல்லை. அவர் ஊட்டிச் சுற்றுலாவில் செய்ததை நான் மறக்கவில்லை.

அப்புறம், புயல் வருகிற வாரம் வரை காத்திருக்காதே. செப்டம்பர் தொடக்கத்திலேயே, கையில் ஒரு மாதம் இருக்கும்போதே, இங்கே ஒரு டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிடலாம். நான் அந்த வீடியோ டாக்டரிடமே நேரம் வாங்கித் தருகிறேன். ஒரு தடவைக்கான காசு, நிம்மதி டிசம்பர் வரைக்கும்.

அம்மாவிடம் நீ வருவதைச் சொன்னேன். இந்த வருடம் அவள் நாகையில்தான். "கோமுவிடம் ஆரஞ்சு மூடி சொல்லிவிட்டாயா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

நாளைக்கே அண்ணனுடைய அட்டைகளை எல்லாம் வரிசையாக வைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பு. பின்பக்கம் தெரிய வேண்டும், பெயர் இருக்கிற ஓரத்தை வெட்டாத அட்டையாக இருக்கட்டும். குப்பியையும் லேபிளோடு எடு. எடை தாண்டினால் பெட்டியிலிருந்து அல்வாவை எடு, ஊசியை எடுக்காதே. அரைக் கிலோ அல்வாவாவது கைப்பையில் இடம் பிடித்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உன்
விசாலி