பழைய பைக்கில் பணம் போக வேண்டிய வரிசை

ஆசிரியருக்கு, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் நின்ற வண்டிகள் எல்லாம் குரோம் மின்னும் கண்காட்சி வண்டிகள். அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ தினமும் வேலைக்குப் போய்வர, கடன் வாங்காமல் ஒரு பழைய வண்டியைத் தேற்றப் பார்ப்பவர்கள் பெங்களூருவில் நிறையப் பேர். கட்டுரை சொன்ன வரிசைப்படி பெயின்டில் தொடங்கினால், பிரேக்குக்கு வருவதற்குள் அவர்கள் பணம் தீர்ந்துவிடும்.

முதலில் எந்த வண்டி என்பது. யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி இரண்டும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இல் நின்றது. மைசூரில் யெஸ்டி செய்த பழைய ஆலையும் அதே ஆண்டு மூடப்பட்டது. ஆசைப்படுபவர்கள் அதிகம், நல்ல உதிரி குறைவு. அதனால் விலை வண்டியின் தகுதிக்கு மேல் நிற்கிறது. தினசரிக்கு 97.2 சிசி ஹீரோ ஹோண்டா சிடி 100, பழைய ஸ்ப்ளெண்டர் போதும். இந்த எஞ்சின் குடும்பம் 1985 முதல் ஓடுகிறது. ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் இதன் உதிரி இருக்கும். சிவாஜிநகர் பழைய சாமான் சந்தையான குஜிரியில் ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்டு, மட்கார்டு, ஹேண்டில்பார் வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், டயர், சீல் ஆகியவற்றை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

பணம் கைமாறும் முன் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை)ப் பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். காலம் கடந்தால் இரு சக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். நாலைந்து ஆண்டு மூலையில் கிடந்த வண்டியை "சும்மா கொடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுப்பிப்புக் கட்டணம் 2022 முதல் 1,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 முதல் 2,000. பசுமை வரி தனி. பழைய புத்தக ஆர்.சி. என்றால் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கையில் இருக்கும் தொகையில் பாதி சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போகட்டும். சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு டிரம்மின் உட்சுவரில் உள்ளிருந்து விளிம்பு வரை நகத்தை ஓட்டுங்கள். விளிம்பில் ஒரு படி நகத்தைத் தடுத்தால் டிரம் தேய்ந்திருக்கிறது. 110 மி.மீ. டிரம் 111ஐ எட்டிவிட்டால் லேத்தில் கடைந்தும் பயனில்லை, ஹப்பையே மாற்ற வேண்டும். ஷூக்களை விரித்துத் தள்ளும் பிரேக் கேமை வெளியே எடுத்து, துருவைச் சுரண்டி, கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். தாராளமாகப் பூசினால் சூட்டில் உருகி ஷூவில் இறங்கிவிடும்.

இங்கே பல ஒர்க்‌ஷாப்புகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஷூ தேய்ந்ததும், கேமைத் திருப்பும் பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். பெடலில் பிடிப்பு திரும்பிவிட்டது போலத் தெரியும். உள்ளே கேம் ஏற்கெனவே அதிகம் திரும்பி நிற்பதால், இன்னும் கொஞ்சம் தேய்ந்ததும் அது புரண்டு சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். முழுதாக மிதிக்கும்போது பெடலிலிருந்து வரும் ராடும் ஆர்மும் ஏறக்குறைய 90 டிகிரியில் நின்றால்தான் முழு விசை கிடைக்கும். அந்தக் கோணம் தாண்டினால் ஷூவை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புது ஷூவை 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டி, முதல் 150 கி.மீ. மெதுவாகப் பழக்குங்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஆறு ஆண்டு தாண்டிய ரப்பர், தரையில் படும் பட்டன் தேயாமல் இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். மழையில் ஹெப்பாள் மேம்பால இறக்கத்தில் அதை நம்பக் கூடாது. சக்கர பேரிங்கை அதன் மேல் உள்ள எண்ணைச் சொல்லி வாங்குங்கள். 6301 என்பது எல்லாக் கம்பெனியும் செய்யும் பொது அளவு. பேரிங் கடையில் இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டால் தண்ணீர் இறங்காது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் "டக்" என்று குழியில் விழுவது போல இருந்தால் ஹேண்டில் சுழலும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. இறுக்கிப் பார்ப்பது வீண் வேலை, மாற்றுங்கள்.

அடுத்தது பெட்ரோல். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் கால வண்டிகள் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கி டேங்க்கைத் துருவாக்கும். டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் குழாயைக் (காக்) கழற்றி அதன் வலை வடிகட்டியைப் பாருங்கள். செம்மண் குழம்பு போல ஒட்டியிருந்தால் கார்பரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வண்டி நின்று நின்றுதான் போகும்.

டேங்க்கை இறக்கி, பெட்ரோலை முழுதும் வடித்து, ஒரு நாள் திறந்தவெளியில் ஆறவிடுங்கள். இரண்டு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் பொருக்கு உதிரும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் வைத்து வடித்து, தண்ணீரில் சமையல் சோடா கரைத்து அலசுங்கள். உடனே வெயிலில் காய வைத்து, கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். விட்டால் மறுநாளே மெல்லிய துரு படரும். பழைய டேங்க் அருகே கிரைண்டர், வெல்டிங் எதுவும் கூடாது. காலியானதில்தான் ஆவி அதிகம்.

கார்பரேட்டரில் ஓ-ரிங், பவுல் கேஸ்கட், ஃப்ளோட் நீடில், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் தரத்தில் மாற்றுங்கள். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டில் இரும்புக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். 20 சதவீத எத்தனாலில் பழைய ஜெட் ஏறக்குறைய 8 சதவீதம் பெட்ரோலைக் குறைவாகக் கொடுப்பதற்குச் சமம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று மெலிந்து அதில் பாதியை ஈடுகட்டிவிடும். ஆகவே பெரிய மெயின் ஜெட்டுக்கு ஓடாமல், பத்துக் கி.மீ. ஓட்டி பிளக்கைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் என்றால் சரி. வெளுத்துக் கிடந்தால் ஒரு அளவு கூட்டுங்கள். இங்கே சரியாக ஓடும் வண்டி சென்னைக்குப் போனதும் சூடேறித் திணறினால், கடல் மட்டத்தில் இந்த ஈடு கிடைக்காததுதான் காரணம்.

எஞ்சினைப் பிரிக்கும் முன் புகையைக் கேளுங்கள். காலையில் முதல் உதையில் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் திருகும்போதெல்லாம் வந்தால் தேய்ந்தது பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்). சீலுக்கு ஆகும் செலவு, போரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோரில் ஒரு சிறு பங்குதான். ரீபோர் அவசியம் என்றால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்துக்குக் கொடுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பக் கடைந்து ஹோனிங் (உட்சுவரை மெருகேற்றுவது) செய்ய வேண்டும். பெரிய பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் என்று படிப்படியாகக் கிடைக்கும். தேய்மானம் போகும் முதல் படியிலேயே நிறுத்தினால் இன்னொரு ரீபோருக்கு உலோகம் மிஞ்சும். சிலிண்டர் கழன்றிருக்கும்போதே கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் இயல்பு, செங்குத்தாகத் துளி ஆட்டமும் ஆகாது.

டூ-ஸ்ட்ரோக்கில், கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் வளையமான கிராங்க் சீலை மறக்காதீர்கள். மேக்னட் பக்கம் போனால் காற்று உள்ளே இழுத்து ஐட்லிங் தானாக ஏறி இறங்கும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயில் குறைந்து வெள்ளைப் புகை வரும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு ஜாசோ எம்ஏ தரம் எழுதிய ஆயிலே ஊற்றுங்கள். கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். ரீபோருக்குப் பின் முதல் ஆயிலை 500 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள்.

புகைச் சான்றிதழுக்கு, 2000 மார்ச் 31 வரை தயாரான வண்டிக்கு கார்பன் மோனாக்ஸைடு வரம்பு 4.5 சதவீதம், அதற்குப் பிந்தைய பழைய வண்டிகளுக்கு 3.5. அடைந்த ஏர் ஃபில்டரும் முழுதாகத் திறக்காத சோக்கும்தான் பெரும்பாலும் தோற்கடிக்கும். வயரிங்கில் பாதிக் கோளாறு, எர்த் வயர் ஃபிரேமில் சேரும் இடத்துத் துருவில் இருக்கும். புது கிட் வாங்கும் முன் அதைச் சுரண்டிப் பாருங்கள்.

பெயின்ட் கடைசி. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கட்டுரை ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங்கைப் பரிந்துரைத்தது, நல்லதுதான். ஆனால் சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லவில்லை. அந்த எழுத்து மணல் வீச்சில் மழுங்கினாலும் பூச்சில் மூடினாலும் புதுப்பிப்புக்கு வண்டியைப் பார்க்கும் ஆய்வாளர் கையெழுத்துப் போட மாட்டார். ஃபிரேமைக் கடையில் கொடுக்கும் முன் அந்த இடத்தில் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். அடுத்த இதழில் இதை மட்டுமாவது சேர்த்து வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு