32 மணி நேரமும் என் சம்பளச் சீட்டும்

அன்பு மல்லிகா,

அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். மூன்று வாரமாக மனசு உறுத்துகிறது. கோபம் உன்மேல் இல்லை. பெரியவனுக்கு இருமல் நின்றுவிட்டது, மற்ற எல்லோரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"வாரத்துக்கு நாலே நாள் வேலையாம், உனக்கும் ஓய்வுதான்டி" என்று குதித்தாய். உனக்கு மாதச் சம்பளம். நாள் குறைந்தாலும் வங்கியில் விழுகிற தொகை அப்படியே இருக்கும். எனக்கு அப்படியா? மணிக்கணக்கில்தான் கூலி. போன மாதம் கார்டு தேய்க்கிற மெஷின் மக்கர் பண்ணி, ஒரு நாள் ஏழு நிமிடம் தாமதமாகப் பதிந்தது. சம்பளச் சீட்டில் கால் மணி நேரத்தைக் காணோம். சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை போய் நின்றும் அது திரும்பி வரவில்லை. கால் மணிக்கே இந்தப் பாடு. ஐந்து நாள் நாலாகி, வாரத்துக்கு எட்டு மணி போனால்?

அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 100 என்று வைத்துக்கொள். 40 மணிக்கு 4,000. நேரம் மட்டும் 32 ஆகி, கூலி ஏறாவிட்டால் 3,200. பழைய 4,000 வேண்டுமென்றால் மணிக்கூலி 125 ஆக வேண்டும். கவனித்தாயா? குறைவது 20 சதவீதம், ஏற வேண்டியது 25. "நேரம் 20 குறைந்தது, கூலியும் 20 ஏற்றிவிட்டோமே" என்று முதலாளி சொன்னால் தலையாட்டிவிடுவோம். ஆனால் கைக்கு வருவது 3,840தான்.

"அப்போ உங்களுக்கு லாபமே இல்லையா" என்று கேட்டாய். இருக்கிறது. அமெரிக்காவில் 1938இல் வந்த சட்டம் வாரத்துக்கு 44 மணியில் தொடங்கி, 1940இல் 40க்கு இறங்கியது. அதற்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று அது தடுக்கவில்லை. வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடு என்றது. அந்த மாதிரி ஓ.டி., அதாவது கூடுதல் நேரக் கூலி, 32லிருந்தே தொடங்கினால், அதே 40 மணிக்கு 4,400 வரும். ஆனால் முதலாளி ஓ.டி. கொடுப்பாரா, அந்த எட்டு மணிக்குப் புதிதாக ஆள் எடுப்பாரா? எடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புது ஆளுக்கு வேலை கிடைப்பது நல்லதுதான், எனக்கு அந்த 3,200தான் மிஞ்சும்.

பிரான்சில் 2000இல் 39 மணியை 35 ஆக்கியபோது, குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர்களின் மாத வருமானம் குறையாது என்று சட்டத்திலேயே உத்தரவாதம் கொடுத்தார்கள். 2024இல் அமெரிக்க செனட்டில் வந்த 32 மணி மசோதாவிலும் சம்பளம் குறையக் கூடாது என்று இருந்தது. அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அப்புறம் நம்ம ராணி. அவளுக்கு இப்போதே 24 மணிதான், குறைக்க ஒன்றுமில்லை. கூலி ஏற்றம் முழுநேர ஆட்களுக்கு மட்டும் என்றால், பக்கத்து மேஜையில் அதே பெட்டியை ஒட்டுகிற அவளுக்கு மணிக்கு 100, எனக்கு 125. அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனக்கும் அந்த ஒரு நாள் வேண்டும், மல்லிகா. நின்று நின்று இரவில் கால் வீங்கிப்போகிறது. சின்னவளின் பள்ளிக்கூட வாசலில் ஒரு நாளாவது நானே போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். உனக்குத்தான் எழுத்து வருமே, ஒரே பக்கமாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதி வியாழனுக்குள் அனுப்பு. ராணி விஷயத்தை விட்டுவிடாதே.

உன்,
செல்வி