ஏலூரைப் பார்த்த கண்ணோடு கோரையாற்றைப் பார்க்கிறேன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றாமல் மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே சின்னவனுக்குப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பாலையில் எலக்ட்ரீஷியன் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவனுக்கு நைட் ஷிப்ட் வந்தால் அவன் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

பேத்தி காலேஜில், கொச்சிக்குப் பக்கத்தில் நாம் இருந்த ஆலை ஊரான ஏலூரைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதுகிறாள், தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பு என்றாய். நல்ல நேரத்தில் கேட்டாய். போன மாதம் ஆலுவாவில் ஒரு கல்யாணம். அது முடிந்ததும் ஏலூரின் ஆலைப் பகுதியான உத்யோகமண்டலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். குவார்ட்டர்ஸ் பக்கம் மரங்கள் காடு மாதிரி வளர்ந்திருக்கின்றன, பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் எடயாற்றில் இருந்த பினானி துத்தநாக ஆலை 2014-இல் மூடியதுதான், அதோடு சரி. களமசேரியில் மெட்ரோ ஓடுகிறது. வல்லார்பாடம் போகும் கன்டெய்னர் ரோட்டில் லாரிகளுக்கு ஓய்வே இல்லை. ஏலூர் 2010-இல் நகராட்சியும் ஆகிவிட்டது.

அத்தனை ஆலைகளும் ஏன் அங்கே போய் உட்கார்ந்தன என்பதிலிருந்து அவளை ஆரம்பிக்கச் சொல். எல்லாம் பெரியாறு கொடுத்ததுதான். மேலே மூணாறு மலையில், பெரியாற்றில் வந்து சேரும் முதிரைப்புழையில் 1940-இல் பள்ளிவாசல் மின்நிலையம் வந்தது. அந்தக் கரண்டு ஆலுவா வரை இறங்கியது. கீழே வற்றாத தண்ணீர், சரக்கு ஏற்றிப் போகப் படகு வழி. 1943-இல் அலுபுரத்தில் அலுமினியம் உருக்கத் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதல் உருக்காலைகளில் அது ஒன்று. அதே வருடம்தான் ஃபாக்ட் உரக் கம்பெனியும் பதிவானது. திருவிதாங்கூரில் திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலம். முன்னால் நின்று நடத்தியவர்கள் உங்கள் திருச்சிச் சேஷசாயி சகோதரர்கள். உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் பசியில் தவித்த நேரம் அது. நெல் விளைய உரம் வேண்டும், உரம் செய்ய நிலக்கரி கிடையாது. அதனால் மலையிலிருந்து விறகு கொண்டுவந்து, அதை வாயுவாக்கி அம்மோனியா எடுத்தார்கள். 1947-இல் அம்மோனியம் சல்பேட் வெளிவந்தது. பசித்த ஜனங்களுக்காகத் தொடங்கிய ஆலை அது. இதை அவள் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஏலூர் என்றாலே விஷம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற ஆலைகள் வந்தன. டிசிசி என்ற ரசாயன ஆலை உப்புநீரில் கரண்டு பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. மணவாளக்குறிச்சி, சவறை கடற்கரை மணலிலிருந்து பிரித்த மோனசைட் என்ற கனிமத்தைக் காஸ்டிக்கில் வேகவைத்து அருமண் உப்புகள் எடுக்கும் ஐஆர்இ (இந்தியன் ரேர் எர்த்ஸ்) ஆலை 1952-இல் வந்தது. குளோரின் வேண்டிய டிடிடி பூச்சிமருந்து ஆலையை இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் 1958-இல் தொடங்கியது. ஓர் ஆலையின் சரக்கு பக்கத்து ஆலைக்குக் கச்சாப் பொருள். அந்த அளவுக்கு யோசித்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

கழிவு விஷயத்தில் அந்த யோசனை இல்லை. குழிக்கண்டம் தோடு என்ற ஓடையில் விட்டார்கள். அங்கிருந்து நேரே பெரியாறு. தோட்டோரம் இருந்தவர்களின் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. அங்கே சேற்றை எடுத்துப் பார்த்து 1999-இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் அறிக்கை வெளியிட்டது. 2004 ஜூலையில் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸின் எண்டோசல்பான் பூச்சிமருந்துப் பிரிவில் பெரிய தீ விபத்து. அதே வருடம் உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்த பிறகுதான், தோட்டோரத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவே பிறந்தது. ஆலை ஓடத் தொடங்கி ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு!

குவார்ட்டர்ஸில் நமக்குச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாம் இருந்தன. ஃபாக்டுக்கு எம். கே. கே. நாயர் தலைமையில் இருந்தபோது கதகளிப் பள்ளி ஒன்றுகூட நடத்தினார்கள். இன்றைக்கும் 'ஃபாக்ட்' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு மேடையேறும் ஆசான்கள் இருக்கிறார்கள். ஒரு தொழிற்சாலை ஊருக்கு இதைவிட என்ன செய்யும் என்று எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அந்த நன்மையெல்லாம் காம்பவுண்டு சுவரோடு நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வலை வீசிப் பிழைத்தவனும் பொக்காளி நெல் வயல்காரனும் அதே ஆற்றை நம்பித்தான் இருந்தார்கள். என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

பாதாளம் பாலத்தில் ரொம்ப நேரம் நின்றேன். உப்புத்தண்ணீர் மேலே ஏறாமல் இருக்கக் கட்டிய ஷட்டர் அது என்று உனக்குத் தெரியும். கோடையில் அடைத்துவிட்டால் மேல்பக்கம் ஆறு குளமாகத் தேங்கும், எது விழுந்தாலும் அதில் கிடக்கும். மழை வந்து ஷட்டரைத் தூக்கினால் மொத்தமும் ஒரே மூச்சில் கீழே போகும். 2024 மே மாதம் அப்படித் திறந்தபோதுதான் வராப்புழை, கடமக்குடி வரை மீன் செத்து மிதந்தது. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே ராத்திரியில் எல்லாம் போய் நின்றார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ, அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் மீனைக் கொல்லும் அளவுக்கு இருந்தன என்றது. கூண்டுக்காரனுக்கு எந்தக் காரணமாக இருந்தால் என்ன? இத்தனைக்கும் கொச்சி நகரம் குடிப்பதும் இதே ஆற்றில், இதற்கு மேலே ஆலுவாவில் எடுக்கும் தண்ணீரைத்தான்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் பாலக்காடு ஸ்மார்ட் சிட்டிக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்ததே, அதில் கஞ்சிக்கோடு அடங்கிய நம் புதுச்சேரி பஞ்சாயத்தும் வருகிறது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய், 51,000 பேருக்கு வேலை என்கிறார்கள். வரட்டும், வேண்டும். வாளையார் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூருக்கு தினமும் பஸ் ஏறும் பையன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுச் சோறும் ஆலைச் சோறுதான்.

ஆனால் பெரியாறு எங்கே, நம் கோரையாறு எங்கே! மாசி பிறந்தால் இதில் மணலும் புல்லும்தான். இது வாளையாற்றோடு கல்பாத்திப்புழையில் சேர்ந்து பாரதப்புழைக்குப் போகிறது. இங்கே எதை விட்டாலும் வழியில் இருக்கிற ஊரெல்லாம் வாங்கிக்கொள்ளும். வற்றாத பெரியாறே தாங்காததை இது எப்படித் தாங்கும்? மலம்புழா அணை 1955-இல் பாசனத்துக்கென்று வந்தது, அதில் ஆலைக்குப் பங்கு கேட்டாலே நெல்லுக்காரர்கள் கொதிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் பெண்கள் போராடிய பிளாச்சிமடை இங்கிருந்து தூரமா என்ன? 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை 2004-இல் நின்றுவிட்டது, ஆனால் அந்தக் கிணறுகளின் பேச்சு இங்கே இன்னும் அடங்கவில்லை.

அதனால் அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று கேட்கப்போகிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து? கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்ப ஆலைக்கே அனுப்புவதா, ஆற்றில் விடுவதா? அளக்கிற மீட்டரைக் கம்பெனிக்காரன் மட்டும் பார்ப்பானா, பஞ்சாயத்தும் பார்க்குமா? ஆலை ஓடுவதற்கு முன்பே சுற்றியிருக்கும் கிணறுகளைப் பரிசோதித்து எழுதி வைப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. முந்தைய கணக்கு கையில் இல்லாவிட்டால் பிந்தைய கெடுதலை நிரூபிக்கவே முடியாது.

நான் மெயின்டெனன்ஸ்காரன், பம்பும் வால்வும் தெரியும். நீ லேபில் கழிவுநீர் டெஸ்ட் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆனவன். கிணற்றில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும், எந்த மாதத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும், எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. தமிழிலேயே எழுது, மலையாளத்தில் இங்கே மாற்றிக்கொள்கிறோம். கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். முடிந்தால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வா, இரண்டு நாள் தங்கு. உக்கடத்தில் பாலக்காடு பஸ் ஏறினால் கஞ்சிக்கோட்டில் இறங்கலாம். ஏறியதும் ஒரு போன் போடு, சின்னவன் வண்டியோடு நிற்பான்.

அன்புடன்,
உன் கஞ்சிக்கோட்டு மாப்ளே