டீப் டிஷ் மட்டும்தானா சிகாகோ?

ஆசிரியருக்கு,

வணக்கம். சிகாகோ சாப்பாடு என்றாலே டீப் டிஷ், அதாவது குழிவான தட்டில் சுடும் தடித்த பீட்சாதான் என்பதுபோல் உங்கள் இதழில் வந்த சிகாகோ பயணக் கட்டுரையை என்னைவிட என் சித்தப்பா கவனமாகப் படித்துவிட்டார், வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர், டீப் டிஷ் பீட்சா சாப்பிடாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டவுன்டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் ஒரு மணி நேரம், உள்ளே உட்கார்ந்து முக்கால் மணி நேரம். கடைசியில் வந்த பீட்சாவில் நடுமாவு வேகவே இல்லை. ஒரு துண்டோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சீஸ் போட்ட தக்காளித் தொக்குடா இது" என்றார்.

டீப் டிஷ்ஷைக் குறை சொல்லவில்லை. 1943-ல் ஓஹையோ தெருவில் திறந்த பிட்சேரியா ஊனோவிலிருந்து வரும் சங்கதி அது. குழிவான தட்டில் எண்ணெய் தடவி, மாவை ஓரம்வரை ஏற்றி, முதலில் சீஸ், மேலேதான் தக்காளி. நெடுநேரம் அடுப்பில் இருப்பதால் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும். எனக்குப் பிடித்தது பீக்வாட்ஸ் கடையில். தட்டின் ஓரத்தில் சீஸ் வழிந்து, தோசை ஓரம் மாதிரி கருப்பாக முறுகியிருக்கும், அதற்காகவே போகலாம். ஆனால் விருந்தாளி வந்தால்தான் போவோம். கட்டுரையாளர் கோட்டைவிட்டது இதைத்தான்.

இங்கே இருக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி வாங்குவது டாவர்ன் பீட்சா: அப்பளம்போல் மொறுமொறுவென்று மெல்லிசாக, சோம்பு வாசனையடிக்கும் சாசேஜ் போட்டு, பர்ஃபி மாதிரி சதுரம் சதுரமாக வெட்டியது. பார்களில் ஒரு கையில் பீரும் இன்னொரு கையில் துண்டுமாக நிற்கத் தோதான அளவு. தெற்குப் பக்கம் புலாஸ்கி சாலையில் விட்டோ அண்ட் நிக்ஸ் போய்ப் பாருங்கள், சுவரெல்லாம் கார்ப்பெட் ஒட்டிய பழைய கடை. ஓரத்தில் வரும் குட்டி முக்கோணத் துண்டுகளுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

சாண்ட்விச் பற்றி ஒரு வரிகூட இல்லாததை மன்னிக்கவே முடியாது. மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் டெய்லர் தெருவில் 1938 முதல் நடக்கும் ஆல்ஸ் கடையில் இத்தாலியன் பீஃப் கேட்க வேண்டும். "டிப்ட், ஹாட்" என்று சொன்னால் போதும். மெல்லிசாகச் சீவிய கறியை நீள ரொட்டியில் திணித்து, மொத்தத்தையும் கறிச்சாற்றில் ஒரு முக்கு முக்கி, மேலே ஜார்டினேரா போட்டுத் தருவார்கள், அதாவது எண்ணெயில் ஊறிய மிளகாய், செலரி, காரட் ஊறுகாய். காலை அகட்டி, இரண்டு முழங்கையையும் கவுன்டரில் ஊன்றி, முன்னால் குனிந்துதான் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் சட்டை காலி. அப்புறம் கோடைக்காலமாக இருந்தால் எதிரிலேயே மாரியோஸ் கடையில் எலுமிச்சை ஐஸ்.

மாடு வேண்டாம் என்பவர்களுக்கு பல பீஃப் கடைகளில் குடைமிளகாயும் முட்டையும் வைத்த சாண்ட்விச் உண்டு. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத கத்தோலிக்கர்களுக்காகப் போட ஆரம்பித்தது, அதனால் சில கடைகளில் அந்தச் சமயத்தில் மட்டும்தான் கிடைக்கும், கேட்டுவிட்டுப் போங்கள்.

சித்தப்பாவைக் கடைசியில் சமாதானப்படுத்தியது ஹம்போல்ட் பார்க். டிவிஷன் தெருவில் இரும்பில் செய்து வானளாவ நிறுத்தியிருக்கும் போர்ட்டோ ரீக்கோ கொடியைத் தாண்டினால், அந்தக் கரீபியன் தீவுக்காரர்களின் பேட்டை. அங்கே ஹிபாரிட்டோ என்று ஒன்று, இந்த ஊரிலேயே 1990களில் பிரபலமானது. ரொட்டியே கிடையாது. வாழைக்காயைத் தட்டையாக நசுக்கிப் பொரித்து, பூண்டு தடவி, நடுவில் கறியோ கோழியோ வைத்துத் தருவார்கள். கோழி வைத்ததை வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் பேசவே இல்லை, இரண்டாவது வாங்கி வா என்று கையை மட்டும் காட்டினார்.

இன்னொன்று. சிகாகோ பீட்சாவைக் கையில் பிடித்து நடந்துகொண்டே தின்னலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தது. அது நியூயார்க் பழக்கம். டீப் டிஷ்ஷை வைத்துக்கொண்டு நடந்தால் செருப்பில்தான் விழும். அதை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
சிகாகோ புறநகரிலிருந்து ஒரு வாசகன்