கோழி இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

சிங்கப்பூரின் கோழிப் பண்ணைகள் முட்டைக்கானவை. கறிக்கோழி பிரேசில், மலேசியா, தாய்லாந்து என்று வெளியிலிருந்தே வருகிறது. அது எப்படி வளர்க்கப்படுகிறது என்பதில் உங்கள் கொள்முதல் ஒப்பந்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 'இறைச்சியில் மருந்து மிச்சமில்லை' என்ற சான்றிதழோடு அந்த ஒப்பந்தம் நின்றுவிட வேண்டாம்.

மருந்தை நிறுத்திச் சில நாள் காத்திருந்து அறுத்தாலே அந்தச் சான்றிதழ் கிடைத்துவிடும். அதற்குமுன் வாரக்கணக்கில் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்தார்களா என்பதை அது சொல்லாது. மருந்து உடலைவிட்டுப் போய்விடும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தங்கிவிடும். வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டினையே முறியடிக்கும் எம்சிஆர்-1 மரபணு, பாக்டீரியா விட்டு பாக்டீரியா தாவக்கூடியது. அது சீனாவில் கண்டறியப்பட்டதாக 2015இல் செய்தி வெளியானது.

வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் இந்தோனீசியா 2018இலும் தடுத்தன. சரியான முடிவு. ஆனால் மருந்தை மட்டும் எடுத்துவிட்டு வேறெதையும் மாற்றாத பண்ணையில் குடல்நோய் வரும். அதே மருந்து 'சிகிச்சை' என்ற பெயரில் திரும்ப நுழையும். ஆகவே, மருந்துக்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

பொரிப்பகக் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்திலிருந்து வரவேண்டிய நல்ல பாக்டீரியா அதற்குக் கிடைப்பதில்லை. முதலில் வாயில் போவதே குடலில் குடியேறும். வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமிக்கு இடமில்லாமல் போகும் என்று பின்லாந்தின் ஆய்வாளர்கள் நுர்மியும் ரந்தாலாவும் 1973லேயே காட்டினார்கள். 40 கிராம் குஞ்சு 35 நாளில் 2 கிலோ ஆக வேண்டும், அதுவும் ஏறக்குறைய 3 கிலோ தீவனத்தில். முதல் வாரம் சறுக்கினால் ஈடுகட்ட நாளில்லை. குஞ்சு இறங்கிய 24 மணி நேரத்தில் 100க்கு 95 குஞ்சுகளுக்காவது தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டகைச் சூட்டிலோ தண்ணீரிலோ தீவனம் வைத்த இடத்திலோ கோளாறு.

'புரோபயாட்டிக் தருகிறோம்' என்பார்கள், அதாவது நல்ல பாக்டீரியா. எதில் என்று கேளுங்கள். தீவனத்தை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பெல்லட், அதாவது குருணை, செய்யும்போது லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும். பேசில்லஸ் என்ற வேறு வகையின் வித்துகள் தாங்கும். லாக்டோபேசில்லஸைக் குளோரின் தண்ணீரில் கலந்தாலும் வீண்தான்.

எங்கள் பெரிய கவலை, கொட்டகைத் தரையில் பரப்பும் கூளத்தின் ஈரம். அது 25 சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே போனால் ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். அது குடல்சுவரைக் கிழிக்கும். அங்கே கசியும் புரதத்தையும் சளியையும் தின்று கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற குடல்நோய் பாக்டீரியா பெருகும். பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வாரத்தில் இது நடக்கும். பல நேரம் கோழி சாகாது. தீவனம் இறங்கும், எடை ஏறாது. பண்ணைக்காரர் மருந்தைத் தேடுவது அப்போதுதான். கோதுமை மிகுந்த தீவனம் குடலில் பசைபோல் ஆகி இதை மோசமாக்கும். அந்தப் பசையைக் குறைக்கும் சைலனேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

'ஆன்டிபயாட்டிக் இல்லை' என்ற சொல்லுக்கும் நாட்டுக்கு நாடு பொருள் வேறு. தீவனத்தில் கலக்கும் மொனென்சின் என்ற மருந்து அமெரிக்காவில் ஆன்டிபயாட்டிக். ஐரோப்பாவில் ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து. எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த ஒப்பந்தத்திலேயே ஒவ்வொரு தொகுதிக்கும் சிகிச்சைப் பதிவேடு, ஏழாம் நாள் எடை, இறப்பு எண்ணிக்கை, கூள ஈர அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். தரும் பண்ணைக்குக் கிலோவுக்குச் சில காசு கூட்டிக் கொடுங்கள். கூளத்தை உலர்வாக வைக்கக் கோழி நெரிசலைக் குறைத்தாக வேண்டும், அந்தச் செலவு அவர்கள் தலையில் மட்டும் விழக்கூடாது.

இப்படிக்கு,
கோழித் தீவனமும் குடல் நலமும் அறிந்த சிலர்