அங்கே கழற்றியதை இங்கே மாட்டினேன்

நோவை, மிச்சிகன்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, வலது கட்டைவிரல்தான் காரணம். ஸ்பேனர் வழுக்கி விரல் போய் இரும்பில் மோதி, நகம் முழுக்கக் கறுத்துவிட்டது. இப்போதுதான் பேனா பிடிக்க வருகிறது.

பெரியவளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தையில் கல்யாணம் என்றால் இரண்டு பேரும் கண்டிப்பாக வருகிறோம், உன் தங்கச்சி இப்போதே புடவைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறாய், எவ்வளவு என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டால் எனக்குத் தெரியாதா? நம்பரை எழுது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நல்லா ஓடுற வண்டியோட பின் ஆக்ஸிலை எதுக்குடா கழட்டிப் போட்டே?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை வீட்டிலும் கேட்டார்கள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் கேட்டார். மூன்று பேரில் உனக்கு மட்டும்தான் முழு பதில் சொல்ல முடியும், ஏனென்றால் நீ ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் வளர்ந்தவன்.

என்னிடம் இருப்பது 1990 ஃபோர்டு மஸ்டாங். 5 லிட்டர் வி8, 225 குதிரை. 1979லிருந்து 93 வரை வந்த அந்தச் சதுரமான உடம்பை இங்கே ஃபாக்ஸ் என்பார்கள். எஞ்சினைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது, கல்லு மாதிரி. பின்பக்கம்தான் கட்டை வண்டி. கட்டை வண்டி என்பதைத் திட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மாட்டு வண்டி அச்சுதான் அது, நடுவில் எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை வைத்து இரண்டு பக்கமும் குழாய் போட்டு ஒரே இரும்பாகச் செய்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்ந்தாக வேண்டும். அந்தக் கனம் மொத்தமும் ஸ்பிரிங்குக்குக் கீழே கிடப்பதால், மேடு பள்ளத்தில் ஒருமுறை எம்பினால் அதை அடக்க ஷாக் அப்சார்பர் படாத பாடு படும். இதில் ஃபாக்ஸுக்கென்று தனி வியாதி ஒன்று. ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் நான்கு இரும்புக் கைகளில் மேல் இரண்டும் குட்டையாக, சாய்ந்து இருக்கும். ஆக்ஸில் உருளாமலும் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் நகராமலும் பார்க்க வேண்டும். இரண்டு வேலையையும் மூட்டுக்குள் இருக்கும் ஒரே ரப்பர் உருளையில், அதாவது புஷ்ஷில், செய்யச் சொன்னால், வளைவில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். மிச்சிகன் ரோடு உனக்குத் தெரியாது. குளிரில் தண்ணீர் உறைந்து தார் வெடித்து, மார்ச் மாதத்தில் ரோடு மழைக்குப் பிந்திய நம்மூர்ச் சந்து மாதிரி ஆகிவிடும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுப் பாதையில் ஒரு பாலத்து இணைப்பு இருக்கிறது, அதில் ஏறும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் ஓரடி வெளியே தாவிப் பிறகுதான் என் பேச்சைக் கேட்கும். பத்து வருஷம் பொறுத்தேன்.

இப்போது உங்கப்பாவின் ஹெரால்டை நினைத்துப் பார். மெட்ராஸிலேயே செய்த வண்டி, 948 சிசி, பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் எஞ்சினும் முன் சக்கரமும் முழுசாக வெளியே தெரியும். அந்தக் காலத்து அம்பாஸடர், ஃபியட் இரண்டிலும் இல்லாதது அதில் இருந்தது: பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். டிஃபரென்ஷியல் சேஸிஸோடு நின்றுவிடும், அதன் தலைமேல் குறுக்கே ஒரே ஒரு பட்டைக்கட்டு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஆக்ஸில் கதவு மாதிரி மேலும் கீழும் ஆடும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரம் இரண்டும் அடியில் உள்பக்கமாக மடங்கிக்கொண்டு, கழுத்தைப் பிடித்துத் தூக்கிய கோழியின் கால் மாதிரி தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஏற்காடு ஏறியபோது அந்த இருபது ஊசி வளைவிலும் உங்கப்பா பின் சீட்டிலிருந்து "வளைவுல காலை எடுக்காதேடா" என்று கத்திக்கொண்டே வந்தார். அன்றைக்கு அவர் பயந்த மனுஷர் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சொன்னது சரி. வளைவில் ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று விட்டால் பின்பக்கம் எழும்பும், எழும்பினால் வெளிச்சக்கரம் அடியில் மடங்கும், மடங்கினால் பிடிப்பு போய்விடும். தனித்தனியாக ஆடியது நல்லதுதான், ஆடிய விதம்தான் கோளாறு.

1972ல் அதே கம்பெனி கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது அந்தப் பின் அமைப்பை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில், அதாவது மாட்டு வண்டி அச்சு, போட்டார்கள், நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கவில்லை என்பதால். அங்கே எடுத்ததை நான் இங்கே மாட்டியிருக்கிறேன், விஷயம் அவ்வளவுதான்.

இங்கேயும் கதை நேராகப் போகவில்லை. ஷெவர்லேயின் கார்வெட் 1963லேயே பின்னால் தனிச் சக்கரத்துக்கு மாறிவிட்டது. மஸ்டாங் 2014 வரை நேர் ஆக்ஸிலை விடவில்லை. நடுவில் ஒரே விதிவிலக்கு, கோப்ரா என்ற மஸ்டாங் ரகத்தில் 1999லிருந்து 2004 வரை வந்தது. அதற்கு ஃபோர்டு ஒரு தந்திரம் செய்தது. டிஃபரென்ஷியல், கைகள், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு குழாய்ச் சட்டத்தில் கட்டி, நேர் ஆக்ஸில் மாட்டியிருந்த அதே இடங்களைப் பிடித்துக்கொள்ளும்படி முழுப் பொட்டலமாகச் செய்தார்கள். 94க்குப் பிறகு வந்த மஸ்டாங்கும் ஃபாக்ஸின் அடித்தளத்தைத் திருத்தியதுதான் என்பதால் என் வண்டிக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். அந்த ‘ஏறக்குறைய’வுக்குள்தான் என் குளிர்காலம் முழுக்கப் போயிற்று.

பொட்டலம் கிடைத்த கதையைக் கேள். 2003 கோப்ரா வைத்திருக்கும் ஒருவர் இதைக் கழற்றிவிட்டு நேர் ஆக்ஸில் போட்டுக்கொண்டார்! கால் மைல் நேர்ப்போட்டிக்குப் போகிறவர் அவர். சிவப்பு விளக்கு பச்சையானதும் மொத்த சக்தியையும் தரையில் அறைய வேண்டும், அதற்கு மாட்டு வண்டி அச்சுதான் ராஜா. இன்னும் நிறைய கோப்ராக்காரர்கள் அப்படிச் செய்திருக்கிறார்கள். அவருடைய கராஜ் மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது. எனக்கு வேண்டியது அவருக்குக் குப்பை, அவருக்கு வேண்டியது எனக்குத் தலைவலி. காபி கொடுத்து, ஏற்றியும் விட்டார்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்த சாமியார் கதை இருக்கிறதே, அதற்கப்புறம் எனக்கு நடந்தது அதுதான். கோப்ராவின் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், ஃபாக்ஸுக்கு நான்கு. பின்னால் ஐந்து, முன்னால் நான்கு என்று ஓட்டினால் ஸ்டெப்னி எதற்கு ஆகும்? ஆக முன்பக்கமும் ஐந்துக்கு மாறியது. பழைய பின் பிரேக் டிரம், வந்தது டிஸ்க். டிஸ்க் என்றால் மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டும், 93 கோப்ராவினுடையதைப் போட்டேன். ஹேண்ட் பிரேக் கேபிள் வேறு. சைலன்ஸர் குழாய் முன்பு ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும், இப்போது அங்கே சட்டம் உட்கார்ந்திருக்கிறது, அதனால் புதுக் குழாய். டிஃபரென்ஷியலின் பல் விகிதம் 2.73லிருந்து 3.55 ஆனது, ஸ்பீடோமீட்டர் கண்டபடி பொய் சொன்னது, கியர்பாக்ஸில் அதற்கென்று இருக்கும் குட்டி பிளாஸ்டிக் பல்லையும் மாற்றினேன். சக்கரம் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டது, அதற்கேற்ற ரிம் தேடி, மட்கார்டின் உள் விளிம்பைச் சுருட்டிவிட்டு... சாமியார் கடைசியில் கல்யாணமே செய்துகொண்டார் அல்லவா, எனக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருந்ததால் அதோடு நின்றது.

இதெல்லாம் காசும் நேரமும், அவ்வளவுதான். என்னை உட்கார வைத்தது பழைய ஆக்ஸிலின் கீழ்க்கையைப் பிடித்திருந்த ஒரு போல்ட். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், முப்பது வருஷ உப்பு அந்த போல்ட்டுக்கும் புஷ்ஷின் உள் குழாய்க்கும் நடுவில் புகுந்து இரண்டையும் ஒரே இரும்பாக்கியிருந்தது. நட் கழன்றுவிட்டது, போல்ட் மட்டும் சுற்றியது, ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் சூடு காட்டினேன், ரப்பர் தீப்பிடித்து கராஜ் முழுக்க டயர் எரிந்த நாற்றம், உன் தங்கச்சி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மூடினாள். கடைசியில் கைக்கும் தகட்டுக்கும் நடுவில் ரம்பத்தை விட்டு அறுத்தேன். இரண்டு வெட்டுக்கு மூன்று பிளேடு. நகம் கறுத்ததும் அந்த நாளில்தான்.

அறுத்ததும் நல்லதாகப் போயிற்று. கைகள் வந்து மாட்டும் தகட்டுப் பெட்டிகளை டார்க் பாக்ஸ் என்பார்கள், ஃபாக்ஸில் அவை கிழிவது பிரசித்தம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் இடது பக்கம் ஸ்பாட் வெல்ட் நான்கு விட்டுப்போய், தகடு தபால் கவர் ஓரம் மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது. விரல் நகம் உள்ளே போகிறது. இத்தனை வருஷம் பாலத்து இணைப்பில் தாவியதில் பாதி இந்த வாய்தான் என்று இப்போது தோன்றுகிறது, ஒழுங்காகச் சொன்னால் இதை வெல்டு வைத்துவிட்டுப் பழைய ஆக்ஸிலையே திருப்பி மாட்டியிருந்தால் கூட வண்டி பாதி திருந்தியிருக்கும். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கெட்டித் தகடு வைத்து இரண்டு பக்கமும் பற்றவைத்தேன்.

மாட்டி முடித்து அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோனேன். கடைப் பெயர் வேண்டாம். அந்தப் பையன் கம்ப்யூட்டரில் 1990 மஸ்டாங் என்று தட்டினான், பின்பக்கம் திருத்த எதுவும் இல்லை என்று அது சொன்னது, முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தான். நேர் ஆக்ஸிலுக்கு அது சரி. இதில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நாம்தான் வைக்க வேண்டும், என்னுடையவை இரண்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அறுபது மைல் வேகத்தில் லேன் மாறியபோது வண்டியின் பின்பாதி வேறு லேனுக்குப் போகப் பார்த்தது. வீட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, கொஞ்சம் உள்நோக்கி வைத்தேன். நம் ஹாஸ்டல் பக்கத்து லாரி பட்டறையில் செய்வார்களே, அதே முறை.

அதற்குப் பிறகுதான் மாப்ளே, வண்டி. அந்தப் பாலத்து இணைப்பில் அதே வேகத்தில் ஏறினேன். கீழே டப் டப் என்று இரண்டு சத்தம் கேட்டது, ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை. திரும்பிப் போய் இன்னொருமுறை ஏறினேன். நான்கு முறை.

குறை இல்லாமல் இல்லை. வண்டி மொத்தத்தில் கனம் கூடிவிட்டது. நின்ற இடத்திலிருந்து முழுசாக அழுத்தினால் பின்பக்கம் டடடடவென்று உதைக்கும், சக்கரம் பிடிப்பதும் விடுவதுமாகத் துள்ளும். கோப்ராவின் பழைய வியாதி, சட்டத்தையும் டிஃபரென்ஷியலையும் தாங்கும் மெத்தென்ற ரப்பர் புஷ்கள் முறுக்கி முறுக்கி விடுவதால் வருவது. விட்டால் ஷாஃப்ட் முறிந்துவிடும். டிஃபரென்ஷியலுக்கு அலுமினிய புஷ் போட்டேன், துள்ளல் முக்கால்வாசி நின்றது. ஆனால் முன்பு ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த பல்லின் சத்தம் இப்போது நேராகக் காருக்குள் வருகிறது. ஐம்பது மைல் தாண்டினால் பின் சீட்டில் மாவு மில் ஓடுகிறது. உன் தங்கச்சி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறாள்.

இப்போது உன் விஷயம். ஷெட்டில் கிடக்கும் ஹெரால்டுக்குக் கெஸல் ஆக்ஸில் போடலாமா என்று உன் மெக்கானிக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். போடாதே. நீ அதில் ஏற்காடு ஏறப்போவதில்லை, தாம்பரம் தாண்டினால் அதிகம். அவ்வளவு பயமாக இருந்தால், ஹெரால்டின் தம்பியான ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பிட்ஃபையர் மார்க் 4க்குப் பின்னாளில் ஒரு பட்டைக்கட்டு செய்தார்கள், நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும், சக்கரம் மடங்குவதை வெகுவாகக் குறைக்கும். அதைத் தேடிப் பார்ப்போம். இன்னொன்று, முன்பக்கம் கீழே, சக்கரம் திரும்பும் மூட்டான டிரன்னியனுக்கு உன் ஆள் கிரீஸ் அடிக்கப் பார்ப்பான், விடாதே. அதற்குக் கியர் ஆயில், 90. கிரீஸ் அடித்தால் மரைக்குள் போகாது, ஒருநாள் முறிந்து சக்கரம் படுத்துவிடும்.

தையில் வரும்போது பெட்டியில் புடவை போக இருபது கிலோவாவது மிச்சம் இருக்கும். ஹெரால்டுக்கு என்னென்ன புஷ், எத்தனை வேண்டும் என்று பார்த்து எழுது. பட்டைக்கட்டு பெட்டியில் வருமா என்று தெரியவில்லை, நீளத்தை அளந்து அனுப்பு. சுகர் நம்பரையும்.

உன் பழைய ரூம்மேட்