நண்பர்கள் சங்க ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

தலைவருக்கும், மேட்டூரிலேயே இருக்கும் நண்பர்களுக்கும், சேலம், கோவை, பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஐந்து முறை கூடியது. சுதந்திர தினத்தன்று நாம் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். இரண்டு கல்யாணங்களுக்குச் சங்கத்தின் பெயரில் மொய் எழுதினோம். பொங்கல் சந்திப்பும் நடந்தது.

இனிச் சொல்ல வேண்டியது நம் பொருளாளரைப் பற்றி. 1980-ல் நம்மோடு பத்தாம் வகுப்பு முடித்து, சதுரங்காடியில் கடை வைத்து, கடைசிவரை இந்த ஊரைவிட்டு நகராதவர். தினமும் காலையில் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று மூன்று வரியை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பார். சென்ற மே மாதத்தில் ஒரு நாள் அந்த மூன்று வரி வரவில்லை. முந்தின ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு மாரடைப்பு.

மூன்று மணிக்கு அவர் மகன் எனக்குப் போன் செய்தான். அடுத்து நடந்ததைச் சிலர் வேறுமாதிரி பேசியதால் விவரமாகவே எழுதுகிறேன். கண்ணைத் தானம் செய்ய வேண்டும் என்று நம் பொருளாளர் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "மண்ணுக்குள்ள போயி அது என்னடா பார்க்கப் போகுது?" என்பார். உறுதிமொழி அட்டைகூட வாங்கி வைத்திருந்தார். ஆனால் அட்டை மட்டும் போதாது, அந்த நேரத்தில் வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள். உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் நுழைந்ததும் இதைப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது பேசியவனுக்குத்தான் தெரியும். அவர் மனைவியிடம், "அவன் ஆசைம்மா இது, நீ வேண்டாம்னா நான் இதோட விட்டுடறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் சொன்னதைச் செய்யுங்கண்ணா" என்றார். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணையை உயர்த்தினோம். ஆறரை மணிக்குக் கண் வங்கியிலிருந்து வந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவர் கண்களால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்க வழி இருக்கிறது. செயலாளர் அவசரப்பட்டுவிட்டார் என்று சொன்னவர்களுக்கு இதுதான் என் பதில்.

அன்றிலிருந்து இதையே சங்கத்தின் வேலையாக எடுத்துக்கொண்டேன். நம் 41 உறுப்பினர்களில் 26 பேர் வீட்டுக்கு நேரில் போய், மனைவி மக்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை இருப்பவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள் எல்லோரும் கொடுக்கலாம் என்பதே பல வீடுகளில் தெரியவில்லை. 14 வீடுகளில் எல்லோரும் சம்மதித்து, கண் வங்கி எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ் அச்சடித்த செலவை மட்டுமே சங்கக் கணக்கில் வைத்தேன், பெட்ரோல் என்னுடையது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மட்டும் அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் பண்ணவாடியில் கூடினோம். மண்டபம் பிடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான்தான் பண்ணவாடி என்று நின்றேன். அந்த வருஷம் அணையில் தண்ணீரே இல்லை, ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்கவும் முடியவில்லை. 1934-ல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுசாக வெளியே நின்றது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வெடித்த சேற்று நிலத்தில் நடந்து அந்த நந்திமேல் ஏறி உட்கார்ந்தவர்கள்தானே நாம்? முதலில் ஏறுகிறவன் எப்போதும் அவன்தான். நந்தியின் காலடியில் அவன் படத்தை வைத்து மாலை போட்டோம். ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. பாதிப்பேருக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் பரிசல்காரர் ஒருவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வந்தவர்கள் 17 பேர். பெங்களூரிலிருந்து நடக்க முடியாத காலோடு ஒருவர் வந்தார். மேட்டூருக்குள்ளேயே இருக்கும் ஒன்பது பேர் வரவில்லை, வர முடியவில்லை என்று ஒரு போனும் இல்லை. பெயர் சொல்லப் போவதில்லை. அந்த ஒன்பது பேரில் எவர் வீட்டு விசேஷத்துக்கும் அவன் போகாமல் இருந்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஜூலை 30-ல் அணை 120 அடியைத் தொட்டது. 16 கண் மதகு வழியாக உபரி நீர் பாய்ந்ததைப் பார்க்க நான்கு பேர் போயிருந்தோம். நீர்மட்டத்தைக் குழுவில் போட யாருக்கும் கை வரவில்லை.

கணக்கு. வங்கியில் என் கையெழுத்தும் பொருளாளர் கையெழுத்தும் சேர்ந்திருந்ததால், இறப்புச் சான்றிதழும் தீர்மான நகலும் கொடுத்துப் பெயர் மாற்றும்வரை பணம் எடுக்க முடியவில்லை. வரவு செலவு ஏறக்குறைய சமம், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. விவர நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா 600 ரூபாயை 22 பேர்தான் கட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் முழுசாக வசூலானதே, இப்போது செயலாளருக்கு வசூலிக்கத் தெரியவில்லையா என்று கேட்டார்கள். அவர் டைரியை அவர் மனைவி என்னிடம் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆறு வருஷமாகக் கட்டாதவர்களின் சந்தாவை அவரே தன் கைக்காசில் போட்டு ரசீது கிழித்திருக்கிறார். யார் யாருக்கு என்று டைரியில் இருக்கிறது. நான் அதை யாரிடமும் காட்ட மாட்டேன். அவரவருக்குத் தெரியும்.

செயற்குழுவினருக்கும், நோட்டுப் புத்தகம் வாங்க உதவியவர்களுக்கும், தணிக்கை பார்த்துக் கொடுத்த நண்பருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, கண் தானத்துக்கு இன்னும் சம்மதம் கிடைக்காத மீதி 27 வீடுகளையும் முடிக்க நினைக்கிறேன். எனக்கும் முழங்கால் வலி, தனியாகச் சுற்ற முடியவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் ஞாயிறுதோறும் கூட வந்தால் போதும். பொருளாளர் பதவி ஒரு வருஷமாகக் காலியாக இருக்கிறது, இன்றே ஒருவர் முன்வர வேண்டும். காலையில் அந்த மூன்று வரியைப் போடவும் மேட்டூரில் இருக்கும் யாராவது ஒருவர் வேண்டும். பேரை இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்